குழிக்கு நட்ட கல்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு அரசனுக்குப் புதுச்சாலை திறப்பதில் கொள்ளை ஆசை. திறக்கும் சாலை ஒவ்வொன்றிலும் அவன் பெயர் பொறித்த கல் நிற்க வேண்டும். பழைய சாலைகளில் வண்டிக்காரர்கள் கட்டிய சுங்கமெல்லாம் இப்படிப் புதுச்சாலைகளுக்கே போய்க்கொண்டிருந்தது.

அவனுடைய விகடகவி விடங்கனுக்கோ பழைய கீழைச்சாலையைப் பற்றித்தான் கவலை. தலைப்பிரசவத்துக்கு அவன் மகள் செங்கமலம் அந்த வழியாகத்தான் வண்டியில் வர வேண்டும். வேறு வழி கிடையாது. சாலையின் அகலம் முழுவதையும் விழுங்கிய ஒரு குழி அங்கே இருந்தது. போன மாதம்தான் அதில் ஒரு வண்டி குடைசாய்ந்து இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

விடங்கன் சபையில் எழுந்தான். "அரசே, சாலையைக் கெடுப்பது சக்கரமல்ல, தண்ணீர். நடுவில் மேடாகப் போடுவதே மழைநீர் இருபுறக் கால்வாய்களுக்கும் வழிந்து ஓடத்தான். கால்வாய் தூர்ந்தால் நீர் சாலையிலேயே தேங்கும். ஊறிய மண்ணில் சக்கரம் இறங்கும், அந்தத் தடம்தான் குழியாகிறது. ஆண்டுக்கு ஒருமுறை தூர்வாரப் பத்து ஆள் போதும். பத்து ஆண்டு விட்டுவிட்டால் சாலையையே திரும்பப் போட வேண்டும்."

பிரதானி அனந்தராயருக்கு விடங்கனைக் கண்டாலே ஆகாது. "அள்ளிப் போட்ட சேற்றில் மகாராஜாவின் பெயரை எங்கே பொறிப்பது, கவியாரே?" என்றார்.

அரசன் சொன்னான்: "புதியதற்குத்தான் என் கஜானா திறக்கும். கீழைச்சாலையில் என் ஆட்சியில் புதிதாக உண்டான ஒன்றை நாளை காட்டு. பணம் தருகிறேன்."

"காட்டாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்" என்று பிரதானி எடுத்துக்கொடுத்தார். அரசன் தலையாட்டினான்.

மறுநாள் விடங்கன் அரசனைக் குழியருகே அழைத்துப் போனான். "இதோ, அரசே. தங்கள் தந்தையார் காலத்தில் இது இல்லை. முழுக்க முழுக்கத் தங்கள் ஆட்சியில் உண்டானது. மழைக்கு மழை தானாகவே வளர்கிறது."

பிரதானியின் முகம் வெளுத்தது. அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஜெயித்துவிட்டாயடா. பணம் உண்டு. இந்தக் குழிக்கே என் பெயரில் ஒரு கல் நடுங்கள்."

"கல் வேண்டாம், அரசே. பத்து ஆள் கொடுங்கள். என் மகள் இந்த வழியாக..."

"பார்த்தீரா, பிரதானி? முகம் மாறாமல் விகடம் சொல்கிறான்" என்று அரசன் மேலும் சிரித்தான்.

எட்டு மாடு பூட்டிய வண்டியில் கல் வந்தது. அதன் கனத்தில் குழி இன்னும் ஒரு முழம் இறங்கியது. கொடுத்த பணம் கல்லோடு சரியாகப் போயிற்று.

மகள் வருவதற்குள் குழியில் தேங்கிய நீரையாவது வடித்துவிட, விடங்கன் மண்வெட்டியோடு தானே கால்வாயில் இறங்கினான். கை கொடுக்கச் சொல்லி வழியில் போனவர்களைக் கெஞ்சினான்.

"இன்றைக்கு என்ன வேடிக்கை, கவியாரே?" என்று கேட்டு, சிரிப்பதற்குத் தயாராக அவர்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

சேதி அரண்மனைக்கு எட்டியது. ஐந்தாம் நாள், வானம் கறுத்திருந்தபோது, அரசனே யானைமேல் வந்தான். இடுப்பளவு சேற்றில் நின்ற விகடகவியைக் கண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான். பரிசும் கையோடு கொண்டுவந்திருந்தான்: வெள்ளியில் புதிதாக வார்த்த ஒரு மண்வெட்டி. காவலர்கள் அதை விடங்கனிடம் கொடுத்துவிட்டு, பழைய இரும்பை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மழை பிடித்தது. தூர்வார இன்னும் இருபது முழம் பாக்கி. விடங்கன் வெள்ளி மண்வெட்டியை ஓங்கிப் போட்டான். முதல் வெட்டிலேயே அதன் வாய் மடங்கியது.

கிழக்கே, மழைக்குள்ளிருந்து, மாட்டு மணிச் சத்தம் கேட்டது.