நூறு வருஷ வெள்ளம்

ஓவர்சியர் சொரிமுத்து அண்ணாச்சி ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பொறியியல் படிக்கப் போனார். பட்டம் இருந்தால்தான் அடுத்த பதவி என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள், என்ன செய்ய? பகலெல்லாம் கால்வாய்க் கரையில் வெயிலில் காய்ந்துவிட்டு, சாயங்காலம் பகுதி நேர வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காருவார். நீர்வளப் பாடம் நடத்திய அமலோற்பவம் மேடத்துக்கு அவரைவிட வயது ரொம்பக் குறைவு. ஆனாலும் மேடம் உள்ளே வந்தால் முதலில் எழுந்து நிற்பது அண்ணாச்சிதான்.

அன்றைக்குப் பாடம் வெள்ளம். நூறு வருஷத்துக்கு ஒருமுறை என்று கணக்கிடுகிற பெருவெள்ளம் எது, அதை வைத்துப் பாலத்தை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று மேடம் நடத்தினார். போன வருஷம் நம் ஆற்றில் வந்தது அந்த வகைதான் என்று அவர் சொன்னதும் அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

காரணம் இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு மனை மலிவாக வந்திருந்தது. போன வருஷம் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடம், அதனால்தான் மலிவு. ஒரே மகள் செண்பகத்துக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று மனுஷனுக்கு ஒரே தவிப்பு. திங்கட்கிழமை பத்திரம். வீட்டுக்காரியோ, "தண்ணி நின்ன இடத்துலயா பிள்ளையைக் கொண்டு வைக்கப் போறீய?" என்று நாலு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் வாயை அடைக்கப் படிப்பே கைகொடுத்துவிட்டது!

வகுப்பு முடிந்ததும் மேடத்தின் பின்னாலேயே போனார்.

"மேடம், ஒரு சந்தேகம். நூறு வருஷ வெள்ளம் போன வருஷமே வந்துட்டு. அப்போ இனி நூறு வருஷத்துக்குப் பயம் இல்லைல்லா?"

"எதுக்குக் கேக்கீங்க அண்ணாச்சி?"

மனை விஷயத்தைச் சொன்னார். மேடம் லேப் பக்கம் கையைக் காட்டினார்.

"லேபுல இன்னைக்குக் குலுக்கல் இருக்கு. வாங்க, நீங்களே சீட்டு எடுங்க."

லேபில் வேலை பார்க்கும் பெண்கள் மாதாமாதம் சேர்ந்து போடுகிற குலுக்குச் சீட்டு அது. யார் பெயர் விழுகிறதோ அவருக்கு அந்த மாதப் பணம். ஒரு சொம்புக்குள் பெயர்கள் சுருட்டிக் கிடந்தன. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். கனகவல்லி பெயர். அவள் "எம்மாடி!" என்று கையைத் தட்டிக் குதித்தாள்.

மேடம் அந்தச் சீட்டை வாங்கி, மறுபடியும் சுருட்டி, சொம்புக்குள்ளேயே போட்டார்.

"ஐயையோ, என்ன மேடம் பண்றீங்க?" என்று பதறினார் அண்ணாச்சி. "எடுத்த பேரைக் கிழிச்சுல்லா போடணும்! உள்ள போட்டா அடுத்த மாசமும் இந்தப் பிள்ளைக்கே விழுமே."

"விழுந்தாலும் விழும்."

"எந்த ஊர்லயாவது சீட்டு இப்படி நடக்குமா?"

"நாம நடத்துற சீட்டு இப்படி நடக்காது. ஆறு இப்படித்தான் நடத்துது."

ஆறு எடுத்த சீட்டைக் கிழிப்பதில்லை என்பது அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இத்தனை வருஷம் கரை பார்த்த ஓவர்சியர் இல்லையா, லேசில் விடுவாரா?

"சரி, அப்படியே இருக்கட்டும். ஒரு வருஷத்துக்கு நூத்துல ஒரு பங்குதானே மேடம்? அது என்ன பெரிய ஆபத்து?"

"பெருசு இல்லதான்" என்று மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் நூறு சீட்டு போட்டுத் தாரேன். அதுல ஒண்ணே ஒண்ணுலதான் வெள்ளம்னு எழுதியிருக்கும். வருஷத்துக்கு ஒரு சீட்டு எடுக்கணும், எடுத்ததைத் திரும்ப உள்ள போட்டுரணும். செண்பகம் அந்த வீட்டுல எத்தனை வருஷம் இருக்கணும்?"

"என்ன மேடம், இப்படிக் கேட்டுட்டீங்க! எம்பிள்ளை நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

மேடம் மேசை மேல் கிடந்த வெள்ளைத் தாளை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழிக்க ஆரம்பித்தார்.

"அப்போ அத்தனை தடவையும் நீங்கதான் எடுக்கணும் அண்ணாச்சி. வெள்ளம்னு ஒரு தடவைகூட வந்துரக் கூடாது."