நல்லடக்கம்

"அம்மை, இது என்னைப் பார்த்து உறுமுது."

திருவேங்கடம் மூன்றாவது முறையாக அதே புகாரோடு வந்து நின்றார்.

அம்மை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன சொல்லுது?"

"நாய் என்னத்தச் சொல்லும்? உறுமுது."

"எப்போ?"

"வாயில இருக்கிறதப் பிடுங்கும்போது."

"அப்போ என்னமோ சொல்லுது," என்றார் அம்மை. அடுத்த கல்லைத் தேடத் தொடங்கினார்.

*

கல்குவாரி ஓய்ந்துபோன ஒரு கரட்டுக் குன்றின் அடியில் அந்த மடம் இருந்தது. மடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓட்டு வீடு ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று, மாடு இல்லாத மாட்டுக்கொட்டில் ஒன்று. அவ்வளவுதான்.

அதை நடத்திவந்த அம்மைக்கு நாற்பது வயதுதான். முன்பு எங்கோ நர்ஸாக இருந்தவர் என்று ஊரில் பேச்சு. அவராகச் சொன்னதில்லை.

திருவேங்கடத்துக்கு அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் வராந்தாவில் நடந்தால் ஏழாம் வகுப்பு மூச்சுக்கூட விடாதாம். இதை அவரே சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

மனைவி செங்கமலம் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை. பூட்டிவிட்டு ஒரு பையோடு இங்கே வந்து சேர்ந்தார்.

"மனசு அடங்க மாட்டேங்குது அம்மை. ஒரு வழி சொல்லுங்க."

"உள்ள என்ன சத்தம் கேக்குது?"

அவர் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மை கொட்டிலைக் காட்டினார். அங்கே ஒரு வயது நாய் ஒன்று துடைப்பத்தை ஈர்க்கு ஈர்க்காகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது.

"இதப் பாத்துக்கங்க. இது இங்க இருக்கிற வரைக்கும் நீங்களும் இருக்கலாம்."

திருவேங்கடம் நாய்க்குச் சாந்தன் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிற மனிதர் அவர்.

சாந்தன் முதல் வாரத்தில் அவருடைய இடது செருப்பைத் தின்றது. வலது செருப்பை என்ன செய்வது என்று அவர் யோசிப்பதற்குள் அதற்கும் வார் இல்லை. பிறகு பாயின் நான்கு மூலைகள். வாளிக் கயிறு. குடைக்காம்பு. ஓடுவதற்கு இடம் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் கடிக்கும். அவர் ஒவ்வொன்றையும் அதன் வாயிலிருந்து பிடுங்கினார். ஒவ்வொரு முறையும் அது உறுமியது.

பால்காரர் இருளப்பன் ஒருநாள் காலையில் சொம்பை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஊர்ல பேசி முடிச்சுட்டாங்க சார். இது ஒரு ஆளக் கடிச்சாலும் கயிறு போட்டு இழுத்துட்டுப் போயிருவோம். அப்புறம் திரும்பி வராது. என்னையத்தான் அனுப்புவாங்க, அதனால முன்னாடியே சொல்லிட்டேன்."

சாந்தன் போனால் தானும் போக வேண்டும். மறுபடி அந்தப் பூட்டிய வீட்டுக்கு. அன்றுதான் திருவேங்கடம் மூன்றாவது முறையாகப் போய் அம்மையின் முன் நின்றார்.

*

கல் பொறுக்கி முடித்ததும் அம்மை எழுந்து காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்து வந்தார்.

"காலையில கரட்டச் சுத்தி ஓட விடுங்க. கடிக்க அதுக்குன்னு ஒண்ணு குடுங்க. வாயில இருக்கிறதப் பிடுங்காதீங்க. வேற ஒண்ணக் காட்டி வாங்குங்க."

"உறுமினா?"

"நில்லுங்க."

"நான் நிக்கிறதா? அதில்ல நிக்கணும்?"

அம்மை மட்டையை அவர் கையில் வைத்தார்.

திருவேங்கடம் மட்டையைக் கொட்டில் மூலையில் போட்டார். புளியமரத்தில் ஒரு விளாரை ஒடித்து இலையை உருவினார். முப்பத்துநாலு வருடம் பழகிய கை அது.

உறுமினால் ஓர் அடி. மூக்கில், இல்லாவிட்டால் முதுகில். ஒருமுறை குறி தவறிப் பின்னங்காலில் விழுந்தது. அப்புறம் இரண்டு நாள் சாந்தன் மூன்று காலில் நடந்தது. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. எல்லாம் அதன் நன்மைக்கு என்று நினைத்துக்கொண்டார்.

பதிமூன்றாம் நாள் விளாரோடு அம்மையிடம் வந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"அடக்கிட்டேன் அம்மை. ஒரு சத்தம் கிடையாது. இப்ப ரொம்ப அடக்கமா இருக்கு."

அம்மையின் கை அரிசியில் நின்றது.

"அடக்கமா? எத்தன மணிக்கு?"

திருவேங்கடம் முகத்தைச் சுளித்தார். வேலையைச் செய்து முடித்தவனைக் கேலி செய்வது அவருக்குப் பிடிக்காது.

அம்மை முறத்தை வைத்துவிட்டு நேராக வாசலுக்குப் போனார். இருளப்பன் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"நாளையிலேருந்து உள்ள வராதீங்க. சொம்ப வாசல்லயே வைக்கிறேன்."

இருளப்பன் தலையாட்டிவிட்டுப் போனார். திருவேங்கடத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தன நாள் உள்ளதான வந்தாரு?"

"இத்தன நாள் அது உறுமிக்கிட்டு இருந்துச்சு," என்றார் அம்மை.

*

அதற்கு மூன்றாம் நாள் காலை. திருவேங்கடம் குளித்துவிட்டு வந்தபோது அவருடைய பை கிழிந்து கிடந்தது.

அதில் ஒரு நீல நிற ஃபைல் இருந்தது. செங்கமலத்தின் ஆஸ்பத்திரி ஃபைல். அதை அவர் யாரிடமும் காட்டியதில்லை. இப்போது அது சாந்தனின் வாயில் இருந்தது. பாதிக் காகிதம் கூழாகியிருந்தது.

நாய் அவரைப் பார்த்தது. அவர் கையை நீட்டினார்.

எந்தச் சத்தமும் இல்லை. கையில் நான்கு பல் இறங்கியது.

*

அம்மை அவருடைய கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி சோப்புப் போட்டார். மறுபடி கழுவினார்.

"அதுக்குத் தடுப்பூசி போட்டிருக்கு. உங்களுக்கும் போடணும். பஸ் பத்து மணிக்குத்தான். அதுவரைக்கும் கைய எடுக்காதீங்க."

தண்ணீர் முதலில் சிவப்பாக ஓடியது. பிறகு வெறும் தண்ணீராக ஓடியது.

"உறுமிச்சா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"ஒரு வார்த்த சொல்லல அம்மை."

சொன்னவர் அப்படியே நின்றார். அந்த வாக்கியத்தை அவர் முன்பும் ஒருமுறை சொல்லியிருந்தார்.

"இதையேதான் டாக்டர்கிட்டயும் சொன்னேன்."

அம்மை கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"கட்டி முத்திப் போச்சு, இத்தன நாள் உங்ககிட்ட வலிக்குதுன்னு சொல்லவே இல்லையான்னு கேட்டாரு. ஒரு வார்த்த சொல்லலன்னேன். என் சம்சாரம் ரொம்ப அடக்கம்னேன். பெருமையா சொன்னேன் அம்மை."

"சொல்லலையா அவங்க?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"சொன்னா. ஆரம்பத்துல சொன்னா. வயித்துல என்னமோ பண்ணுதுங்கன்னா. பரீட்சை நேரம். எப்பப் பாத்தாலும் என்ன முனகல்னு கேட்டேன். மறுபடியும் சொன்னா. சாப்பாட்டுத் தட்டத் தள்ளிவிட்டேன். அதுக்கப்புறம் சொல்லல. வீடு அமைதியா ஆயிருச்சு. திருந்திட்டான்னு நெனச்சேன்."

"ஃபைல்ல என்ன இருந்துச்சு?"

"ஒரு வரி இருந்துச்சு. மூணு வருஷமா வலி இருக்கிறதா நோயாளி சொல்றாங்கன்னு. நான் வெளிய நின்னு போன் பேசிக்கிட்டு இருந்தப்ப சொல்லியிருக்கா. முன்னப் பின்னத் தெரியாத ஆளுகிட்ட சொல்லியிருக்கா."

அம்மை குழாயை மூடவில்லை.

"அவ போன அன்னிக்குப் போஸ்டர் அடிச்சுக் கொண்டுவந்தாங்க. நல் அடக்கம்னு ரெண்டாப் பிரிச்சுப் போட்டிருந்தான். சேத்துத்தான் எழுதணும்னு திருப்பி அனுப்பினேன். அன்னிக்குக்கூட எனக்கு அந்தத் தப்புதான் கண்ணுல பட்டுச்சு. வர்றவங்க எல்லாரும் கேட்டாங்க, அடக்கம் எத்தன மணிக்கு, எத்தன மணிக்குன்னு..."

திருவேங்கடம் வாயை மூடினார். மூன்று நாளைக்கு முன் அம்மை கேட்டது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதார். மனைவி செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. அம்மை குழாயை மூடிவிட்டு எழுந்து போனார்.

*

ஊசி போட்டுக்கொண்டு திரும்பியபோது இருளப்பன் கயிற்றோடு வாசலில் நின்றார். கூட இரண்டு பேர் இருந்தார்கள். பஸ்ஸில் கட்டுப்போட்ட கையைப் பார்த்தவர்கள் ஊருக்குள் சொல்லியிருந்தார்கள்.

"சார், கடிச்சதா?"

அம்மை பக்கத்தில்தான் இருந்தார்.

கல் கிழித்துவிட்டது என்று சொல்லத் திருவேங்கடத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"கடிச்சது," என்றார். "ஆனா முன்னாடியே சொல்லிச்சு. பன்னெண்டு நாள் சொல்லிச்சு. நான்தான் அடிச்சு வாய மூட வச்சேன். கட்டணும்னா என்னையக் கட்டுங்க."

இருளப்பன் கயிற்றைப் பார்த்தார். கூட வந்தவர்களைப் பார்த்தார்.

"வாத்தியாரக் கட்டச் சொல்லி யாரும் எங்கள அனுப்பல," என்றார். கயிற்றைச் சுருட்டினார். "ஒரு மாசம் பாப்போம். அதுவரைக்கும் ஊருக்குள்ள கூட்டிக்கிட்டு வந்துறாதீங்க."

*

விளார் அடுப்புக்குப் போனது.

காலையில் திருவேங்கடம் சாந்தனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கரட்டைச் சுற்றி ஓடினார். ஓடினார் என்பதைவிட இழுபட்டார் என்பது சரி. திரும்பி வந்ததும் தேங்காய் மட்டையை அதன் முன் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். அதன் வாயில் வேறு எதுவும் இருந்தால் ஒரு துண்டு கருவாட்டைக் காட்டுவார். அது போட்டுவிட்டு வரும்.

பாய் தப்பியது. துடைப்பம் தப்பியது. ஆனால் அவர் கை நீளும்போதெல்லாம் சாந்தன் உடம்பைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கையையே பார்த்தது. சத்தம் மட்டும் வரவில்லை. எந்த அமைதிக்காக வாழ்நாள் முழுதும் மிரட்டினாரோ அந்த அமைதி இப்போது அவருக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலமானால் அம்மை கேட்பார்.

"சொல்லிச்சா?"

"இல்ல."

இருபதாம் நாள் அவரே கேட்டார். "இனிமே சொல்லாதோ?"

"தெரியல," என்றார் அம்மை. "சிலது சொல்லாமலே போயிரும்."

அது அவருக்குத் தெரியும்.

இருபத்தாறாம் நாள் சாந்தன் கொட்டில் நிழலில் படுத்து மட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. பின்னங்காலில் விளார் விழுந்த இடம் இன்னும் தடித்திருந்ததைத் திருவேங்கடம் பார்த்தார். வேப்பெண்ணெயைத் தொட்டுக்கொண்டு கையை மெதுவாக அந்தக் கால் பக்கம் கொண்டுபோனார்.

நாயின் தொண்டையில் ஏதோ அசைந்தது. மிகச் சின்னதாக. பாதியில் நின்றது. பிறகு மறுபடி வந்தது.

அவர் நின்றார். கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மை!"

அந்தக் கத்தலைக் கேட்டு அம்மை முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். திருவேங்கடத்தின் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அம்மை, இது என்னைப் பார்த்து உறுமுது."

"என்ன சொல்லுது?"

"வலிக்குதாம்."