ஆள் உயரத்துக்கு விறகு

கோணமேட்டுக்காரர்கள் யார் சொல்லையும் தட்டியதில்லை. அதனாலேயே அந்த ஊரில் எந்த வேலையும் உருப்படியாக முடிந்ததில்லை.

அவ்வூர் மாரப்பன் தம் மகன் செங்கோடனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். முதல் நாள் காலை, சமையல்காரர் தவசியப்பன் அடுப்புக்கு இடம் காட்டிவிட்டுச் சொன்னார்:

"ஆள் உயரத்துக்கு வெறகு குவிச்சு வையுங்க. கொறைஞ்சா பந்திக்குச் சோறு வேகாது. பொண்ணு வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க."

சொல்லிவிட்டுச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போய்விட்டார்.

மாரப்பன் மகனைத் திரும்பிப் பார்த்தார். ஏற்கெனவே மூன்று சம்பந்தம் தட்டிப்போன பிள்ளை.

"எந்த ஆளுன்னு சொல்லாம போயிட்டாரே!"

"கல்யாணம் மாப்ளைக்குத்தானுங்க மாமா? அப்ப அவன் உயரந்தான்" என்றான் மைத்துனன் குப்பணன். "அளவுக்கு ஆளைக் கூடவே நிறுத்திக்கோணும்."

பக்கத்தில் நின்றால் காலில் கட்டை விழும். ஆகவே செங்கோடனைக் குவியலின் மேலேயே நிறுத்தினார்கள்.

ஒரு வண்டி விறகு போட்டதும் மாரப்பன் அண்ணாந்து பார்த்தார். குவியலுக்கும் மகன் உச்சந்தலைக்கும் இடையே முழுதாக ஓர் ஆள் உயரம் பாக்கி இருந்தது. மூன்று வண்டி போட்ட பிறகும் அதே பாக்கி.

"மாமா, வெறகு ஏற ஏற மாப்ளையும் வளர்றானுங்க."

"கல்யாணக் களை வந்தா அப்படித்தான். நீ போடு."

விறகு தீர்ந்தது. கலப்பை, கட்டில், கதவு, கடைசியில் பந்தல்காலும் ஏறின.

"அப்பா, பக்கத்தூருக் கோபுரம் தெரியுதுங்க!"

"அசையாம நில்லு கண்ணு. அளவு தப்பிரும்."

மறுநாள் விடியலில் திரும்பிய தவசியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், மொதல்ல அவனைக் கீழ எறக்குங்கய்யா!"

இறக்கினார்கள். பனைமர உயரக் குவியலின் அடியில் செங்கோடன் பூசணிக்காய் போல நின்றான்.

"ஐயோ மாமா, நேத்துப் பூரா பட்டினி போட்டதுல பையன் தேஞ்சு போயிட்டானுங்க!"

"பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா என்ன ஆகும்? ஊர் எல்லைக்கு வந்துட்டாங்களாம். ஏத்துங்கடா மறுபடியும்!"

தவசியப்பன் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. மாப்பிள்ளை உச்சிக்குப் போனான்.

பெண்ணின் தகப்பனார் வந்தார். நெற்றியில் கை வைத்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"நிச்சயத்தன்னிக்குப் பாத்ததுக்கு மாப்ள நல்லா உசந்துட்டாருங்க" என்றார் அவர். பிறகு கவலையோடு தம் ஆட்களிடம் திரும்பினார். "நம்ம பொண்ணுதான் உயரம் பத்தாது. ஓடிப்போயி நம்மூருலருந்து ஆறு வண்டி வெறகு கொண்டாங்கப்பா."