மஞ்சள் ஒயினுக்குத் தொட்டுக்கொள்ள

மணற்கோட்டை ராஜா அச்சுத பூபதியைச் சிரிக்க வைப்பதுதான் என் உத்தியோகம். பெயர் வெண்காடன். அறிவு அளவோடுதான், வாய் மட்டும் நீளம். அந்த வாய் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கேளுங்கள்.

புதுச்சேரியிலிருந்து முசே கிலோத் என்ற பிரெஞ்சு வியாபாரி சபைக்கு வந்தார். மூக்கால் பேசினாலும் நல்ல தமிழ். ஜூரா என்று அவர் நாட்டில் ஒரு சின்ன மலைச்சீமை உண்டாம். அங்கே செய்கிற மஞ்சள் ஒயினை ஒரு பீப்பாய் கொண்டுவந்திருந்தார். ஆறு வருஷத்துக்கு மேல் பீப்பாயிலேயே கிடக்குமாம். குறையக் குறைய நிரப்பவும் மாட்டார்களாம்.

"இதை வெறுமனே குடிக்கக் கூடாது, மகாராஜா. பொருத்தமான பண்டம் வேண்டும். எங்கள் ஊரில் பாலாடைக்கட்டி, அக்ரூட், கோழி. பொருத்தம் சரிதானா என்று பார்க்க ஒரே அடையாளம். ஒரு வாய் தின்றதும் கை தானாகக் கோப்பையைத் தேட வேண்டும்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"இது தெரியாதா? புதுச்சேரியில் இருந்தபோது நான் வாய் கொப்பளித்ததே இதில்தான்" என்றேன்.

புதுச்சேரியில் நான் இருந்தது ஒரு மத்தியானம். அதுவும் வயிற்றுப்போக்கோடு சத்திரத்தில் படுத்திருந்தேன்.

அரண்மனைக் கணக்குப் பார்க்கும் பேஷ்கார் நரசய்யாவுக்கு என் இடத்தின்மேல் வெகுநாளாகக் கண். அதில் தன் மருமகனை உட்கார வைக்க வேண்டும்.

"அப்படியானால் நாளை விருந்தில், நம் ஊர்ப் பண்டத்தில் இதற்குப் பொருத்தம் எது என்று வெண்காடனே சொல்லட்டும், மகாராஜா. தப்பினால் அவன் இடம் என் மருமகனுக்கு."

ராஜா தலையாட்டிவிட்டார்.

மறுநாள் சமையற்கட்டில் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். பழைய நீராகாரத்தில் கொட்டைப்பாக்கை ஊறவைத்த மாதிரி இருந்தது. இதற்கு எந்தப் பண்டம் சம்மதிக்கும்?

பந்தியில் முசே, ராஜாவுக்கும் பேஷ்காருக்கும் நடுவில் உட்கார்ந்தார். கோப்பைகளில் மஞ்சள் ஒயின்.

"எது, வெண்காடா?" என்றார் ராஜா.

"விருந்தாளி கை நனைக்கும் முன்னே வழக்குப் பேசுவது முறையா, மகாராஜா? முதலில் முசே சாப்பிடட்டும்" என்றேன். முறையாவது மண்ணாவது. பதில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முசே வீட்டில் இன்னும் அவர் ஊர்ச் சமையல்தான். ஒவ்வொன்றாகத் தட்டில் வரும். இங்கே எல்லாம் ஒரே இலையில் இருக்க, எதில் தொடங்குவதென்று விழித்தார். இலை ஓரத்தில் கறுகறுவென்று வறுத்த மோர்மிளகாய். காரமில்லாத ஏதோ வற்றல் என்று நினைத்தார் போல. முழுசாக வாயில் போட்டுக் கடித்தார்.

முகம் சிவந்தது. கண்ணில் நீர் கொட்டியது. தன் கோப்பையை ஒரே மூச்சில் குடித்தார். போதவில்லை. பேஷ்காரின் கோப்பையைப் பிடுங்கினார். பிறகு ராஜாவுடையதையும்.

பேஷ்கார் எரிச்சலோடு, "நேரம் கடத்தாதே. பதிலைச் சொல்" என்றார்.

"நான் எதற்குச் சொல்ல வேண்டும்? முசேயே காட்டிவிட்டாரே. மோர்மிளகாய்."

"உளறாதே."

"நேற்று முசே சொன்ன அடையாளம் என்ன? தின்றதும் கை தானாகக் கோப்பையைத் தேட வேண்டும். அவர் கை தன் கோப்பையோடு நின்றதா? உங்களுடையதையும் தேடியது, மகாராஜாவுடையதையும் தேடியது. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?"

முசே மறுக்க வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

ராஜா தலைப்பாகை நழுவ நழுவச் சிரித்தார். "உன் இடம் உனக்கே. மிச்சப் பீப்பாயும் உனக்கே" என்றார்.

பீப்பாயை வீட்டுக்கு உருட்டி வந்தேன். என் மனைவி செண்பகவல்லி நுனிநாக்கில் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"பெரிய நிபுணர்னு ஊரே பேசுது. இத மனுஷன் எப்படிங்க குடிக்கிறது?"

நிபுணர் ஒரு வாய் குடித்தார். தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

"அந்த மோர்மிளகாய எடுத்துட்டு வா" என்றேன்.