ஊர்சுற்றி ஆமை சொன்ன மூன்று இடங்கள்

சுனைக்காட்டின் முகப்பில், மூன்று பாதைகள் பிரியும் இடத்தில் ஓர் ஆமை இருந்தது. காடே அதை ஊர்சுற்றி என்று அழைத்தது. இத்தனைக்கும் அது அந்த முச்சந்தியை விட்டு எங்கும் போனதில்லை. ஒரே ஒருமுறை நாவல் தோப்பைப் பார்க்கலாம் என்று கிளம்பியது. பாதி வழி போவதற்குள் நாவல் காலம் முடிந்துவிட்டது. அதோடு பயண ஆசையை விட்டுவிட்டது.

ஆனால் காட்டுக்குள் யார் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று திரும்பி வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்கும். கேட்டதை அடுத்து வருகிறவரிடம், தானே நேற்றுப் போய்விட்டு வந்த மாதிரி சொல்லும். நன்றாகவும் சொல்லும், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டால் நாக்கில் எச்சில் ஊறும். அதன் வாயில் வராத வார்த்தை ஒன்றே ஒன்றுதான். 'தெரியாது' என்பது அந்த வார்த்தை.

ஒரு சித்திரை மாதக் காலையில் மூன்று வெள்ளாடுகள் அங்கே வந்து நின்றன. மேய்ப்பவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார். போகிற அவசரத்தில் பட்டியின் படலைச் சரியாகச் சாத்தவில்லை. ஆடுகளுக்கு அது போதும்.

முன்னால் நின்றது பொட்டு. நெற்றியில் வெள்ளைத் திட்டு இருந்ததால் அந்தப் பெயர். கொம்பில் ஓர் அகத்திக்கீரைக் கட்டு தொங்கியது, வழியில் சாப்பிட. அதன் பின்னால் தங்கை கருங்காது. கடைசியாக மோழை, அதற்குக் கொம்பு முளைக்கவே இல்லை.

"ஆமையண்ணே, ஒரு நாள் சுத்திப் பாக்க வந்திருக்கோம்," என்றது பொட்டு. "நல்லா சாப்பிடணும். ஏதாவது குடிக்கணும். அப்புறம் காட்டு மிருகம் ஒண்ணாவது பாக்கணும். பொழுது சாயுறதுக்குள்ள பட்டிக்குத் திரும்பிரணும்."

"நாங்க பாத்ததுல பெரிய மிருகம் எங்க ஊரு நாய்தான்," என்றது மோழை.

ஊர்சுற்றி கழுத்தை நீட்டிக்கொண்டது. இதற்காகத்தானே அது உயிர் வாழ்ந்தது.

"முதல்ல ஆத்தோரத்து அத்திமரம். உச்சிக் கெளையில உக்காந்து சாப்பிடணும், அந்த ருசியே தனி. அப்புறம் இலுப்பை மரத்தடிப் பாறைக்குழி. உதிர்ந்த பூவெல்லாம் மழைத்தண்ணியில ஊறிப் புளிச்சுக் கெடக்கு. ரெண்டு மடக்கு குடிச்சா ஒலகமே ஊஞ்சல் ஆடும். ஆனா உச்சிப்பொழுதுக்கு முன்னாடி குடிச்சிட்டு எடத்தக் காலி பண்ணிரணும். கடைசியா தட்டைப்பாறை. அங்க போய்ச் சும்மா நின்னாப் போதும், சிறுத்தையே வந்து தரிசனம் குடுக்கும்."

"அப்ப நீங்களே கூட வந்து காட்டிருங்க," என்றது பொட்டு.

ஊர்சுற்றிக்கு ஓட்டுக்குள் வியர்த்தது. வழி தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைதான் வராதே. "என் நடை உங்களுக்குச் சரிப்படாதும்மா," என்று இழுத்தது.

"நீங்க ஏன் நடக்கணும்?" என்று மோழை முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தது. கருங்காது கொம்பால் ஒரு நெம்பு நெம்பியது. ஊர்சுற்றி மோழையின் முதுகில் ஏறிவிட்டது.

ஆட்டு உயரத்திலிருந்து காட்டை அது பார்த்ததே இல்லை. மரங்களுக்கு மேலே இலைகளும் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

ஆற்றோசையைப் பிடித்துக்கொண்டு போய் அத்திமரத்தைக் கண்டுபிடித்தார்கள். உச்சிக் கிளை வானத்தில் இருந்தது. அதில் குரங்குகள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. கீழே நின்ற ஆடுகளின் தலையில் காம்புகள் மட்டும் விழுந்தன.

"அண்ணே, நீங்க எப்படி ஏறுனீங்க?" என்றது மோழை.

"அப்ப எனக்கு வயசு கம்மி," என்றது ஊர்சுற்றி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அகத்திக்கீரையைத் தின்றுவிட்டு நகர்ந்தார்கள். இலுப்பை வாசனை தூரத்திலிருந்தே கூப்பிட்டது. ஆமை இரண்டு மடக்கு என்றுதான் சொல்லியிருந்தது. ஆடுகள் குழியின் அடிமண் தெரியும்வரை குடித்தன. மோழை தன் வாலைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தது. பொட்டு ஒரு புளியமரத்தைப் பார்த்து, "அத்தே, சௌக்கியமா?" என்று விசாரித்தது. பதில் வராததால் கோபித்துக்கொண்டது.

தட்டைப்பாறைக்கு வந்தபோது சூரியன் உச்சியை நெருங்கியிருந்தது. பாறையில் எலும்புகள் சிதறிக் கிடந்தன. கருங்காது ஒரு முறுக்குக் கொம்பை முகர்ந்து பார்த்தது.

"போன மாசம் காணாமப் போன பெரியப்பாவோட கொம்பு மாதிரியே இருக்கு," என்றது. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கியது. "அண்ணே, இந்த எடத்த உங்களுக்கு யாரு சொன்னது?"

ஊர்சுற்றி யோசித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்தது என்றே சொல்லலாம். அத்திமரத்தைச் சொன்னது குரங்கு. இலுப்பைக் குழியைப் பற்றிப் பீற்றிக்கொண்டது கரடி. உச்சிப்பொழுதுக்கு மேல் அந்தப் பக்கம் எவன் தலை தெரிந்தாலும் உரித்துவிடுவேன் என்றும் அதுதான் சொல்லியிருந்தது. தட்டைப்பாறையைச் சொன்னது சிறுத்தை. 'ஆடு கீடு வந்தா மத்தியானமா அனுப்பி வை, நானே நல்லா கவனிச்சுக்கிறேன்' என்று அது சொன்னபோது, என்ன பண்பான பிராணி என்று ஊர்சுற்றி மெச்சிக்கொண்டது.

தன்னை நம்பி வந்த மூன்று உயிரைத் தானே கூட்டி வந்து பரிமாறியிருக்கிறது!

"வாங்க, வாங்க," என்றது ஒரு குரல். பாறைக்குப் பின்னாலிருந்து சிறுத்தை சோம்பல் முறித்தபடி வந்தது. "மூணு பேரா? ஆமையாரே, உங்க உபகாரத்தை மறக்க மாட்டேன்."

"இதான் சிறுத்தையா? நம்ம நாய் இத விடப் பெருசு," என்றது மோழை, நிற்கமுடியாமல் நின்றுகொண்டு.

ஓடலாம் என்றால் போதையில் ஆடுகளுக்கு ஆளுக்கு எட்டுக் கால் முளைத்திருந்தது. சண்டை போடலாம் என்றால் ஊர்சுற்றி ஓர் ஆமை. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அதையே செய்தது.

"என்ன, வெறும் வாயோடவா சாப்பிடப் போறீங்க?" என்று கேட்டது.

"ஏன், வேற எப்படிச் சாப்பிடறது?"

"இலுப்பைத் தண்ணி ரெண்டு மடக்கு உள்ள போகாம இந்தக் காட்டுல யாரும் ஆட்டுக்கறியில வாய் வைக்கிறதில்லையே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

சிறுத்தைக்கு முகம் சிறுத்துவிட்டது. தனக்குத் தெரியாமல் ஒரு நல்ல பழக்கம் இருப்பதை அதனால் பொறுக்க முடியவில்லை. "எனக்குத் தெரியாம என்ன? சும்மா கேட்டேன்," என்றது. "நான் போய்ட்டு வர்றதுக்குள்ள இதுங்க ஓடிராதே?"

"எங்க ஓடறது?" என்றது பொட்டு, மனதார. "எங்களுக்கு எது கெழக்குன்னே தெரியல."

சிறுத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. இலுப்பை மரத்தை நோக்கித் துள்ளிப் போனது.

"கெளம்புங்க," என்றது ஊர்சுற்றி.

"எந்தப் பக்கம் அண்ணே?"

வாய்க்கு வந்த பக்கத்தைக் காட்டப் போன ஊர்சுற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தது. வந்த வழி நெடுகிலும் ஆடுகள் புழுக்கை போட்டுக்கொண்டே வந்திருந்தன. அன்றைக்கு யார் யாரோ சொன்ன வழிகளில் நம்பத்தகுந்தது அது ஒன்றுதான். அதையே பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

சங்கடம் என்னவென்றால், புழுக்கை வழி இலுப்பை மரத்தைத் தாண்டித்தான் போனது. அங்கே சிறுத்தை காலிக் குழிக்குள் தலையை விட்டு அடிமண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கரடி வந்து நின்றது.

"ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டியா?" என்றது கரடி. அதற்குமேல் அது பேசவில்லை. கையால் சொல்ல வேண்டியதைக் கையாலேயே சொன்னது.

ஆடுகள் புதருக்குப் பின்னால் பூனை நடை நடந்தன. பொட்டு மறுபடியும் புளியமரத்தைப் பார்த்து, "அத்..." என்று தொடங்கியது. கருங்காது அதன் வாயில் ஒரு கொத்து இலையைத் திணித்தது. ஊர்சுற்றியை முச்சந்தியில் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் மூன்றும் பட்டிக்குள் இருந்தன.

மறுநாள் காலை, சிறுத்தை நொண்டி நொண்டி முச்சந்திக்கு வந்தது. ஒரு கண் திறக்கவில்லை. ஒரு காது எந்தப் பக்கம் பார்ப்பது என்று முடிவு செய்யாமல் தொங்கியது.

"இந்தக் காட்டுல இனி இருக்க மாட்டேன்," என்று முனகியது. "வேற நல்ல எடம் ஏதாவது இருந்தா சொல்லு."

ஊர்சுற்றியின் நாக்கில் பதினெட்டு இடங்கள் வரிசையில் வந்து நின்றன. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியாது," என்றது. சொல்லிப் பார்த்தால் அது அப்படியொன்றும் கஷ்டமான வார்த்தையாக இல்லை.

அன்றிலிருந்து யார் வந்து நல்ல இடம் கேட்டாலும், ஊர்சுற்றி முதலில், "நல்லதுன்னா யாருக்கு?" என்று கேட்டது.

ஆகவே, ஒருவர் ஓர் இடத்தைப் புகழ்ந்து கைகாட்டினால், அது யார் வயிற்றுக்கு நல்லது என்று விசாரித்த பிறகே புறப்பட வேண்டும்.