பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்

ஆயிரம் வீடு கட்டிய புதுநகரில் குடியிருந்தது ஒரே ஆள், காவலாளி இருதயராஜ். பஸ் கேட்டு அவர் போட்ட மனுவோடு திட்ட இயக்குநர் காரில் வந்து இறங்கினார்.

"எங்கே எத்தனை பேர் குடியிருப்பாங்க, எத்தனை பஸ் ஓடும்னு கம்ப்யூட்டர்ல கணிச்சாச்சு. இங்கே பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்! பொய் மனுவா போடறே?"

"அப்போ காரை அனுப்பிடுங்க சார். பஸ்ஸிலேயே போயிடலாம்."

கூட வந்த பொறியாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் வீம்பாக எல்லோரையும் காரில் அனுப்பிவிட்டு நிறுத்தத்தில் நின்றார். பொழுது சாய்ந்தது. போனில் சிக்னலும் இல்லை.

"பஸ் எப்பய்யா வரும்?"

"ஜனங்க குடிவந்தா வரும் சார்."

"ஜனங்க எப்ப வருவாங்க?"

"பஸ் வந்தா வருவாங்க."

இயக்குநர் கால் வலித்து நிறுத்தத்து பெஞ்சுக்கு வந்தார். அதில் உட்கார்ந்திருந்த இருதயராஜ் ஓரமாக நகர்ந்தார்.

"நாலு வருஷத்துல இன்னைக்குத்தான் சார் இந்த பெஞ்சுல நகர்ந்து உட்கார்றேன்."