தவிடன்

பித்தளைக் கடை கோமதிநாயகம் அன்று காலை மடத்துக்குக் கிளம்பியபோது ஒரு கையில் பையனைப் பிடித்திருந்தார். மறு கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் இருந்தது தவிடு. அந்தத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளை வாங்கத்தான் போகிறார். அதுவும் தான் பெற்ற பிள்ளையை.

சிரிக்க வேண்டாம். விஷயம் இருக்கிறது.

அவருக்கும் பிரமு அம்மாளுக்கும் முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று தொட்டிலில் இருக்கும்போதே போயிற்று. ஒன்று தவழ ஆரம்பித்தபோது போயிற்று. மூன்றாவதாக இவன் பிறந்ததும், வடகரையின் பழைய வழக்கப்படி, முறத்தில் கிடத்தி வாசலுக்குக் கொண்டுவந்து தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். வாங்குகிறவர் பிள்ளைக்குத் தவிடன் என்று பெயர் வைப்பார். வைத்துவிட்டு, "இது என் பிள்ளை. பத்திரமா வளத்துக் குடுங்க" என்று பெற்றவர்கள் கையிலேயே திருப்பித் தருவார். அன்று முதல் பெற்றவர்கள் வாய் தவறியும் 'என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது. எமன் வந்து எட்டிப் பார்த்தால், இது யாரோ ஒருவருடைய பிள்ளை, தவிட்டு விலைக்குப் போனது, எடுத்துப் போகிற தகுதி இல்லை என்று வேறு தெருவைப் பார்த்துப் போய்விடுவான்.

'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று சொல்லிப் பிள்ளைகளை அழவைக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? இந்தப் பையன் விஷயத்தில் அது கேலி இல்லை, நடந்த கதை.

அம்மை ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலத்தில் வடகரைத் தெருவில் நின்று "தவிடா" என்று கூப்பிட்டால் நாலு தலை திரும்புமாம். அம்மை குத்துகிறவர்கள் வந்தார்கள். பிள்ளைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள். இதே பயத்தில் வைத்த பெயர்களில் குப்பனும் பிச்சையும் மூக்கனும் எப்படியோ நிலைத்துவிட்டார்கள். தவிடன் மட்டும் அருகிப் போனான். காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மற்றப் பெயர்களைப் பெற்றவர்களே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பெயருக்குப் பிள்ளையை விற்க வேண்டும். யாருக்கு மனசு வரும்? இப்போது அந்த வட்டாரத்திலேயே மிச்சம் இருந்த தவிடன் இவன் ஒருவன்தான்.

அன்றைக்கு இவனை வாங்கவும் ஆள் கிடைக்கவில்லை. மூன்றாவதும் போய்விட்டால், வாங்கினவன் ராசி என்று பழி வரும். கடைசியில் முன்வந்தவர் ஆற்றங்கரை மடத்துச் சாமி. கோமதிநாயகத்தைவிடப் பத்து வயது இளையவர். கடைக்குச் சொம்பு வாங்க வந்தால் பேரம் பேசத் தெரியாமல் முழிப்பவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்கிற சீடர் நம் கோமதிநாயகம்தான்.

நாளைக்கு விஜயதசமி. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வாத்தியார் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார். பெயரை மாற்றலாம் என்றால், வாங்கினவர் கையில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்ட பிறகுதான் மாற்றலாம். அதற்குத்தான் இந்த மஞ்சள் பை. போனோமா, கொடுத்தோமா, வந்தோமா என்று முடிகிற காரியம் என்று அவர் நினைத்தார்.

சாமி முற்றத்தில் உட்கார்ந்து தென்னை ஓலையைக் கத்தியால் கிழித்து ஈர்க்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, பேரை மீட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எந்தப் பேரை?"

"தவிடன்கிற பேரைத்தான். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். ராஜராஜேஸ்வரன்னு வைக்கலாம்னு இருக்கோம்."

பையனுக்கு அந்தப் பெயர் அப்பாவின் வேட்டியைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. கோமதிநாயகம் பையைச் சாமி முன்னால் வைத்தார். சாமி அதைத் தொடவில்லை.

"நான் விக்கலையே" என்றார்.

கோமதிநாயகம் சிரித்தார். சாமியும் சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாமி அடுத்த ஓலையை எடுத்தார்.

"சாமி?"

"வாங்கினவன் நான். விக்கதுக்கு எனக்கு மனசு வரணும்லா. வரல. பையன் இங்கேயே இருக்கட்டும். ஏலே தவிடா, உள்ள போயி உக்காரு."

பையன் கையை உருவிக்கொண்டு உள்ளே போனான். அந்தக் கை இத்தனை லேசாகக் கழன்றுவிடும் என்று கோமதிநாயகம் நினைத்ததே இல்லை.

"விளையாடாதீங்க சாமி. பிரமு உசிரை விட்டுருவா."

"தெருவே பாக்க வித்தீரு. அன்னைக்கு விளையாட்டுன்னு சொல்லலையே."

"அது ஒரு சடங்கு சாமி. எமனை ஏமாத்த ஒரு பொய்."

"அவன் நம்பினானா?"

கோமதிநாயகம் உள்ளே எட்டிப் பார்த்தார். பையன் கீழே கிடந்த ஈர்க்குகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் இருந்தான். எண்ணெய் தேய்த்த தலையில் வெயில் விழுந்து பளபளத்தது.

"நம்பினான்."

"எமனே நம்பினதை நான் பொய்யின்னு சொல்லணுமாக்கும்."

கோமதிநாயகத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. குருவின் முன்னால் அதுவரை குரலை உயர்த்தாத மனிதர், அன்று உயர்த்தினார்.

"ஊரைக் கூட்டி நியாயம் கேப்பேன் சாமி!"

"கேளும். வித்ததைப் பாத்தவங்க எல்லாரும் அங்கதான இருக்காங்க."

"உங்களுக்கு என்ன தெரியும்? ஒத்தைக் கட்டை. ரெண்டைப் பறிகொடுத்துட்டு மூணாவது மூச்சு விடுதான்னு ராத்திரி ராத்திரி மூக்குல விரலை வச்சுப் பாத்திருக்கீங்களா நீங்க?"

சாமி கோபப்படவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

"தவிடா, இங்க வா."

பையன் வந்தான். சாமி அவனைத் திருப்பி நிறுத்தினார். கெண்டைக்காலில் விரல் பருமனுக்குச் சிவந்து தடித்திருந்தது.

"இது என்ன?"

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார்.

"நேத்து கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. கையில புளிய விளாறு கெடச்சுது."

"என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டீரு?"

"புதுப் பேருதான். காதுல விழுந்து பழகட்டும்னு."

சாமி பையனிடம் கேட்டார். "ஏம்லே திரும்பல?"

"வேற யாரையோ கூப்பிடுதாகன்னு நெனச்சேன்" என்றான் பையன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பா என்னைய அப்படிச் சத்தமாக் கூப்பிட மாட்டாக" என்றான்.

கொட்டிலில் மடத்துப் பசு கழுத்து மணியை ஆட்டியது.

"இதுக்கு முன்னால அடிச்சிருக்கீரா?"

"இல்ல சாமி. ஒருநாளும் இல்ல."

"ஏன், சேட்டையே பண்ணலையா?"

"பண்ணாம என்ன? கடையில இருந்த குத்துவிளக்கைத் தூக்கிட்டுப் போயி வாய்க்கால்ல போட்டான்."

"அன்னைக்கு அடிக்கலையா?"

"அடுத்தவங்க பிள்ளையை எப்படி சாமி அடிக்கிறது?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"நேத்து?"

"நேத்து... அதான் பேரு மாறப் போகுதேன்னு. இனிமே என் பிள்ளைதானேன்னு..."

சட்டென்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷம் கனவில்கூட உளறாத சொல். கண்கள் தாமாக வாசல் பக்கம் போயின. அங்கே வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் பையனைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

"பொய்ன்னீரு. பொறகு எதுக்கு வாயைப் பொத்துதீரு?"

கோமதிநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்தத் தடிப்பைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. கை வரவில்லை.

குனிந்து மஞ்சள் பையை எடுத்தார். கொட்டிலுக்குப் போய், தவிடு முழுவதையும் பசுவின் தொட்டியில் கொட்டினார். பசு முகத்தைப் புதைத்துக்கொண்டது. வெறும் பையை உதறி மடித்து, திரும்பி வந்து நின்றார்.

"கூட்டிட்டுப் போகட்டுமா சாமி?"

"யாரை?"

"உங்க பிள்ளையை."

சாமி எழுந்தார். பையனின் கையைப் பிடித்து, அன்றைக்கு முறத்தின் முன்னால் நின்று கொடுத்ததுபோலவே, கோமதிநாயகத்தின் கையில் வைத்தார்.

"இது என் பிள்ளை. பத்திரமா வளத்துக் குடும்."

கோமதிநாயகம் தலையை ஆட்டினார். "பேரு தவிடனாவே இருக்கட்டும் சாமி. வாத்தியாரு சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாரு."

பையனைக் கூட்டிக்கொண்டு வாசல் படலைவரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"ஊர்ல எல்லாரும் எம்பிள்ளை எம்பிள்ளைன்னு வாய் நெறையச் சொல்லுதாக. எனக்கு மட்டும் ஏன் சாமி அதுக்குக் குடுத்து வைக்கல?"

சாமி அதற்குள் உட்கார்ந்து ஓலையைக் கையில் எடுத்திருந்தார்.

"எல்லார் வீட்டுலயும் அடுத்தவன் பிள்ளைதான் வே வளருது. பிள்ளைக்குச் சொந்தக்காரன் மூஞ்சியைப் பாத்தவரு நீரு ஒருத்தர்தான்."